நீ எத்தனாவது ஆளு பாப்பா?

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் விடியற்காலையில் ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். அவர்கள் எழுந்து வாசல் தெளிக்கும்போது தெரு சுத்தமாகியிருக்கும். லட்சக்கணக்கில் ஜனம் வந்து போன ஊரின் செருப்பு, தொன்னை, தண்ணீர் பாட்டில், எச்சில் இலை எல்லாவற்றையும் விடியறதுக்குள் யாரோ அள்ளிப் போயிருப்பார்கள்.

அந்த ‘யாரோ’வைத் தேடித்தான் 2017 ஜனவரியில் சித்திரை வீதி முனையில் நின்றுகொண்டிருந்தேன். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு. கையில் 62 கேள்விகள் கொண்ட தாள், கிளிப் வைத்த அட்டை, இரண்டு பேனா. தூய்மைப் பணியாளர்களின் சமூகப் பொருளாதார நிலை என்பது தலைப்பு. ஒரு அக்கா தள்ளுவண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். போய் வணக்கம் சொல்லி, காலேஜ் பெயரைச் சொல்லி, தாளை எடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நீ எத்தனாவது ஆளு பாப்பா?”

புரியவில்லை.

“போன வருசம் ரெண்டு பிள்ளைங்க வந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு தம்பி. எல்லாம் இதே மாதிரி அட்டை வச்சிக்கிட்டு. எத்தனை பிள்ளை, என்ன சம்பளம், வீட்டுக்காரர் குடிப்பாரான்னு எழுதிக்கிட்டுப் போனீங்களே, அதெல்லாம் எங்க இருக்கு?”

“காலேஜ் லைப்ரரியில இருக்கும்க்கா.”

“யாரு படிப்பா?”

நான் முதல் கேள்விக்குப் போய்விட்டேன். பெயர், வயது, கல்வித் தகுதி.

அந்த மாதம்தான் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வெடித்தது. ஒரு வாரம் வகுப்புப் பக்கமே யாரும் போகவில்லை, நானும் தெருவில்தான் நின்றேன். ஆனால் ஆய்வேடு கொடுக்கவேண்டிய தேதி மட்டும் நகரவில்லை. எனக்கு 60 பேர் வேண்டும். நான் உண்மையில் பேசியது 23 பேரிடம். மிச்சம் 37 தாள்களை நானும் தோழியும் அம்மா மண்டபம் படிக்கட்டில் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டே நிரப்பினோம். அவள் நீலப் பேனா, நான் கறுப்புப் பேனா. கையெழுத்து ஒரே மாதிரி இருக்கக் கூடாதென்று இடது கையால்கூட எழுதினோம். வைவாவில் ‘வெரி குட்’ வாங்கினேன்.

இதை இப்போது சொல்வது பாவமன்னிப்புக்காக இல்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் எம்.ஏ. சோஷியாலஜியோ எம்.எஸ்.டபிள்யூ.வோ படித்தவர்கள் எத்தனை பேர் இப்போது தலையைக் குனிந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திருட்டுத்தனம் செய்தது நாம்தான். ஆனால் நாம் நேர்மையாக 60 பேரிடமும் போயிருந்தால்கூட அந்த அக்காவின் கேள்விக்கு வேறு பதில் இருந்திருக்காது. யாரு படிப்பா? யாரும் படிக்கமாட்டார்கள். என் வாதம் இதுதான்: நம் ஊரில் சமூகவியலும் சமூகப்பணியும் முதுகலையில் கற்றுத்தரப்படும் முறை, மனிதர்களிடமிருந்து காகிதம் தயாரிக்கும் பயிற்சியாக ஆகிவிட்டது. அந்தக் காகிதம் யாருக்குக் கடன்பட்டது என்ற கேள்வி பாடத்திட்டத்தில் எங்கேயும் இல்லை.

*

ஆய்வேடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்து அத்தியாயம். முதலில் முன்னுரை, அதில் இணையத்தில் கிடைத்த பத்து வரையறைகள். அடுத்து இலக்கிய மீளாய்வு. இலக்கியம் என்று ஆசைப்பட்டுவிடாதீர்கள், யாரோ எப்போதோ எழுதியதன் சுருக்கத்தின் சுருக்கம். மூன்றாவது ஆய்வு முறையியல். நான்காவது அட்டவணைகள். ஐந்தாவது கண்டறிதல்களும் பரிந்துரைகளும். பிறகு காலிகோ பைண்டிங், தங்க எழுத்து. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய ஆய்வேடுகள் சாஃப்ட் காப்பியாகவே இருந்தன. “தலைப்பையும் ஊர் பேரையும் மட்டும் மாத்திக்கோங்க மேடம்” என்றார் கடைக்காரர். அவருக்கு எங்கள் பாடம் எங்களைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

என் நான்காவது அத்தியாயத்தில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். என் தாளின் ஏழாவது கேள்வி ‘சமூகப் பிரிவு’. பக்கத்தில் நான்கு கட்டங்கள்: ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. நான் பேசிய 23 பேரும் ஒரே கட்டத்தில்தான் இருந்தார்கள். அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து பொய்யாக நிரப்பியபோதுகூட வேறு கட்டத்தில் டிக் அடிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அடித்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று கை தானாகவே அறிந்திருந்தது. ஆக 60க்கு 60. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் போட்டால் கை-ஸ்கொயர் வரவில்லை. எல்லோரும் ஒரே விடை சொன்னால் ஒப்பிட ஒன்றுமில்லை. அந்த அட்டவணையை எடுத்துவிடச் சொன்னார்கள். “வேரியேஷன் இல்லைம்மா, இது வேரியபிளே கிடையாது.”

தமிழில் வேரியபிளுக்கு ‘மாறி’ என்று பெயர். மாறாத ஒன்றை மாறி என்று சொல்ல முடியாது, சரிதான். ஆனால் ஸ்ரீரங்கத்தின் குப்பையைத் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கள் அள்ளுகிறார்கள், அது மாறவே இல்லை என்பதுதானே அந்த ஆய்வில் கிடைத்த ஒரே உண்மை? புள்ளியியலுக்குப் பிடிக்கவில்லை என்பதால் அதை எடுத்துவிட்டு, கல்வித் தகுதிக்கும் பணித் திருப்திக்கும் என்ன தொடர்பு என்று மூன்று பக்கம் எழுதினேன்.

இன்னொன்று. மலம் அள்ளும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பற்றித் தெரியுமா என்று ஒரு கேள்வி. ‘60 பேரில் 49 பேருக்கு, அதாவது 81.7 சதவீதம் பேருக்கு, தெரியவில்லை.’ பரிந்துரை: ‘தொழிலாளர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.’ எண்ணிக்கை பொய் என்பதை விடுங்கள். கேள்வியே தப்பு. அந்தச் சட்டத்தை அமல்படுத்தவேண்டியவர்கள் அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும். அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கும் கேள்வி என் தாளில் இல்லை. சட்டத்தை மீறுகிறவரை விட்டுவிட்டு, மீறலுக்கு ஆளானவருக்குப் போதிய அறிவில்லை என்று முடிவெழுதிப் பட்டம் வாங்கினேன். லாரா நேடர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1972லேயே கேட்டுவிட்டார்: ஏன் எப்போதும் ஏழைகளையே ஆராய்கிறீர்கள், மேலே இருப்பவர்களை எப்போது ஆராயப் போகிறீர்கள் என்று. நமக்குக் கீழே இருப்பவர்கள்தான் வசதி. அவர்கள் நேரம் கொடுப்பார்கள். ‘அப்பாயின்ட்மென்ட் இருக்கா’ என்று கேட்கமாட்டார்கள்.

*

இத்தனைக்கும் நாம் இருப்பது ஆய்வுக்குப் பஞ்சமான ஊர் இல்லை. ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சுற்று, நடுவில் கோயில், சுற்றிலும் உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் தெரு. யார் எந்தச் சுற்றில் குடியிருந்தார்கள், யார் எந்த வாசல் வரை வரலாம் என்பதே ஒரு முழுப் பாடம். மேலப்புதூருக்குப் போனால், கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரிக்கும் சுவர். அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்த ஊர் இது. பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று ரயில்வே தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவெறும்பூரில் பெல் வந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் வந்தன. இவ்வளவும் டவுன்பஸ் தூரத்தில். ஆனால் வகுப்பில் நாங்கள் படித்தது டால்காட் பார்சன்ஸின் நான்கு எழுத்து. நெட் தேர்வில் சோஷியாலஜிக்கு 05, சோஷியல் வொர்க்குக்கு 10 என்ற எண்ணும், அதன் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மண் தெரிந்திருக்கிறது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். அது 1918இல் புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான் போன்ற அந்த ஊர்களுக்கு 1930களில் திரும்பப் போனார்கள், பிறகும் போனார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய மாணவர்கள் லீவில் எழுதிய குறிப்பு இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது. அவர்களும் நம்மைப் போலப் பட்டத்துக்குப் படித்த பையன்கள்தான்.

கேத்லீன் காஃப் 1951இல் தஞ்சாவூர் வந்தார். கால் நூற்றாண்டு கழித்து 1976இல் அதே ஊர்களுக்கு மறுபடி வந்தார். ஆந்த்ரே பெத்தேல் 1960களின் தொடக்கத்தில் தஞ்சைப் பக்கம் ஓர் அக்கிரகாரத்தில் தங்கி, அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் எப்படி ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்று எழுதினார். அக்கிரகாரத்தில் தங்கியதாலேயே சேரிக்குள் சகஜமாகப் போய்வர முடியவில்லை என்பதையும் பின்னாளில் அவரே எழுதினார். நான் எந்தத் தெருவில் தங்கினேன், அதனால் எதைப் பார்க்க முடியவில்லை என்று ஓர் ஆய்வாளர் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! என் ஆய்வேட்டில் ‘ஆய்வின் வரம்புகள்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அதில் எழுதியது: ‘கால அவகாசம் போதவில்லை.’

நம் மாவட்டத்துக்கே வருவோம். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூர்ஃபெல்ட், லிண்ட்பெர்க் இருவரும், நம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து, பழைய திருச்சி மாவட்டத்தின் ஆறு கிராமங்களை 1979-80இல் ஆராய்ந்தார்கள். 1990இல் ‘பேரியர்ஸ் புரோக்கன்’ என்ற புத்தகம் வந்தது. 25 வருடம் கழித்து அதே குடும்பங்களைத் தேடிப் போய், யார் நிலத்தை விட்டார்கள், யார் வாங்கினார்கள், யார் பிள்ளை வெளியூர் போனான் என்று பார்த்து 2008இல் எழுதினார்கள். குளித்தலையும் மணப்பாறையும் எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் சொந்த ஊர்ப் பக்கம். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் புத்தகத்தின் பெயர் எங்கள் காதில் விழவில்லை.

வெள்ளைக்காரர்களையும் பெரிய பேராசிரியர்களையும் காட்டி நம்மைத் தாழ்த்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் எழுதியதும் ஆங்கிலத்தில்தான். அந்த ஊர் மக்களிடமும் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் திரும்பப் போனார்கள். எம்.என். ஸ்ரீநிவாஸின் களக்குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் வைத்த தீயில் போனபோது, ராம்புரா ஊரை நினைவிலிருந்தே எழுதினார். நமக்கோ குறிப்புகள் பத்திரமாக பைண்டிங்கில் இருக்கின்றன. ஒருவருடைய முகமும் நினைவில் இல்லை.

*

சோஷியல் வொர்க் படிக்கிறேன் என்றால் எங்கள் வீட்டில், “சேவையா? அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் காலேஜு?” என்பார்கள். கிண்டல்தான், ஆனால் நியாயமான சந்தேகம். இந்தப் படிப்பு நம் நாட்டில் தொடங்கிய கதை அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக இருந்திருக்கவேண்டும். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி பம்பாயின் நாக்பாடாவில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவில் ஒரு நேபர்ஹுட் ஹவுஸ் நடத்தினார். அங்கிருந்துதான் 1936இல் டாட்டா சமூகப்பணிப் பள்ளி வந்தது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். முதலில் தெரு, பிறகு வகுப்பறை. அந்த வரிசையின் எச்சம்தான் இன்றும் வாரத்தில் இரண்டு நாள் ‘ஃபீல்டு வொர்க்’ என்று டைம்டேபிளில் இருக்கிறது.

இதற்கிடையில் இன்னொரு வரலாறும் ஓடியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருந்தால் நலன் அதிகாரி ஒருவரை வைத்தாக வேண்டும் என்றது. அந்த நாற்காலிக்கு ஆள் தயாரிக்கும் படிப்பாகவும் சமூகப்பணி ஆனது. தொழிலாளர் நலன் பிறகு பெர்சனல் மேனேஜ்மென்ட் ஆகி, அது எச்.ஆர். ஆகி, இன்று எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எடுத்தது எச்.ஆர்.தான். நலன் அதிகாரி தொழிலாளி பக்கம் நிற்கவேண்டியவர். எச்.ஆர். யார் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். அதை எடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ‘கம்யூனிட்டி டெவலப்மென்ட்’ எடுத்த எனக்குத் தொண்டு நிறுவனத்தில் முதல் சம்பளம் 11,000 ரூபாய். வேலை? 62 கேள்விகள் கொண்ட தாளை நிரப்புவது. இந்தமுறை டேப்லெட்டில்.

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்குத் திருச்சியிலேயே சான்று இருக்கிறது. இந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சமுதாயக் கழிப்பறைகளை நடத்திவருகிறார்கள். கட்டணம் வசூலித்து, கரண்ட் பில் கட்டி, துப்புரவு செய்பவருக்குச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைக் கணக்கு நோட்டில் எழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறார்கள். தொண்டு நிறுவனங்கள் தொடங்கிவைத்தன, உண்மைதான். ஆனால் அந்த நோட்டை நடத்தியது தெருப் பெண்கள். நான் ஒருமுறை ஃபீல்டு வொர்க்கில் அப்படியொரு நோட்டைப் பார்த்தேன். தேதி, தொகை, கையெழுத்து, பக்க ஓரத்தில் ‘மோட்டார் ரிப்பேர், மூணு நாள் தண்ணி இல்ல’ என்று குறிப்பு. யாருக்காக எழுதப்படுகிறதோ அவர்கள் முன்னால் வாசிக்கப்படும் ஆவணம். அது எங்கள் லைப்ரரியில் இருக்கும் எந்த ஆய்வேட்டைவிடவும் மேல்.

*

இதையெல்லாம் சொன்னால் வரும் பதில்களும் எனக்குத் தெரியும்.

முதல் பதில்: “முதல் தலைமுறைப் பிள்ளைங்க, ஏதோ ஒரு பட்டம் வாங்கி வேலைக்குப் போகணும். அவங்க தலையில புரட்சியைக் கட்டாதீங்க.” நானும் முதல் தலைமுறைதான். என் அம்மா லால்குடிப் பக்கம் நாற்று நட்டவர். அந்த 62 கேள்விகளில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டில் கேட்டிருந்தாலும் அதே விடைகள்தான் வந்திருக்கும். அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், இந்தப் பக்கம் நிற்பது எப்படி என்பதுதான். சொந்த வாழ்க்கையை ஓர் அறிவாக எண்ணாமல், மறைக்கவேண்டிய ஒன்றாக எண்ணப் பழக்கிய படிப்பு, முதல் தலைமுறைக்கு என்ன நன்மை செய்தது?

இரண்டாவது: ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? நியாயம். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. நம் அரசு 2024இல் உயர்த்திய பிறகும் தந்தது 25,000. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரைப் பற்றிய ஆய்வேட்டைத் திருத்துகிறவரும் ஒப்பந்தத் தொழிலாளிதான். இருவருக்கும் வேலை அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாது. இதை வகுப்பில் பேசினாலே அது நல்ல சமூகவியல். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்து, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டபோது, தமிழ்நாட்டின் எத்தனை வகுப்பறைகள் அன்றைய பாடத்தை ஓரமாக வைத்தன?

மூன்றாவதுதான் கனமான பதில். ஆய்வை அந்த மக்கள் முன்னாலேயே வாசித்தால், மேஸ்திரியைப் பற்றிக் குறை சொன்ன அக்காவின் வேலை போய்விடாதா? போகலாம். அதனால் பெயரையும் தெருவையும் நீக்கவேண்டும், மேஸ்திரி இல்லாத நேரத்தில் வாசிக்கவேண்டும், எதை எழுதலாம் என்று அவர்களையே கேட்கவேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பெயர்தான் ஆய்வு நெறி. இப்போது நாம் வைத்திருக்கும் நெறி, ஆங்கிலத்தில் அடித்த ஒப்புதல் படிவத்தில் வாங்கும் கைநாட்டு.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஆங்கிலத்தில் 120 பக்கம் வேண்டுமா, கொடுங்கள். கூடவே தமிழில் பத்துப் பக்கம் எழுதுங்கள், அந்த அக்கா கேட்டால் புரிகிற தமிழில். வைவாவுக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு போய், யாரிடம் கேட்டீர்களோ அவர்களிடம் வாசியுங்கள். அவர்கள் திருத்தியதை ஆறாவது அத்தியாயமாகச் சேருங்கள். அடுத்த வருட மாணவர் புதுத் தலைப்புத் தேடாமல் இந்தப் பத்துப் பக்கத்தோடு அதே தெருவுக்குப் போகட்டும். ஸ்லேட்டரின் மாணவர்களுக்குப் பின்னால் ஆட்கள் போனதுபோல. பத்து வருடத்தில் திருச்சியைப் பற்றி திருச்சிக்கே தெரியாத விஷயங்கள் நம் கையில் இருக்கும். இதற்கு சிண்டிகேட் தீர்மானம் வேண்டாம். ஒரு துறைத்தலைவர் போதும். அவரும் இல்லையென்றால் ஒரு மாணவர் போதும்.

*

போன வருடம் நான் போனேன். எட்டு வருடம் தாமதம். பத்துப் பக்கம் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு. என்னைக் கேள்வி கேட்ட அக்கா வேலையிலிருந்து நின்று மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். அன்று பேசியவர்களில் இருவரும் புதியவர்கள் மூவரும் இருந்தார்கள். 37 தாள்களை நானே நிரப்பினேன் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார். “எங்க வருகைப் பதிவேடும் அப்படித்தான்” என்றார்.

இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ‘கையுறை வழங்கப்படுவதாக 19 பேர் கூறினர்’ என்று வாசித்தேன்.

“குடுக்குறாங்கதான். ஆம்பளைக் கைக்கு அளவெடுத்த கிளவுஸு. போட்டா தொடப்பம் நிக்காது, நழுவும். குடுத்தாங்களான்னுதானே கேட்ட? போட முடியுதான்னு கேட்டியா?”

கேட்கவில்லை. கேள்வி 41இல் ‘ஆம், இல்லை’ இரண்டு கட்டம்தான் இருந்தது.

கடைசியில், எடுத்துவிட்ட அந்த ஏழாவது அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் ஒரே கட்டத்தில் இருந்ததால் நீக்கச் சொன்னார்கள் என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தச் சிரித்த அக்காதான் கேட்டார், “அதை எடுத்துட்டா அப்புறம் இதுல என்னதான் இருக்கு?”

தை பிறந்தால் மறுபடி ஆய்வேட்டு சீசன். பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போங்கள். விடியறதுக்கு முன்னால் போங்கள். ஏழு மணிக்கு மேல் போனால் தெரு சுத்தமாக இருக்கும், அவர்கள் இருக்கமாட்டார்கள்.